சரளமாக வாசிக்கிறாள், பொருள் பிடிபடவில்லை: மரபுத்தொடரை எப்படிப் புரியவைப்பது?

கோவை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், ஆங்கில வழிப் பள்ளி, தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள், எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தங்குதடையில்லாமல் வாசிக்கிறாள், ழகரம் ளகரம்கூடச் சுத்தமாக வருகிறது. ஆனால் படித்து முடித்ததும் "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் பாதிக் கதை வேறு எங்கோ போய்விடுகிறது. அண்மையில் ஒரு கதையில் இப்படி ஒரு வரி வந்தது: "ஊதாரியாகத் திரிந்த மூத்த மகனை அப்பா கடைசியில் தலைமுழுகிவிட்டார், அதன் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை." இவள் சொல்கிறாள், அப்பா மகனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டாராம். சரி, அப்படியென்றால் ஏன் யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை என்று கேட்டேன். "அதுவா, தெரியலைம்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

பள்ளியில் மரபுத்தொடர் பாடம் இல்லாமல் இல்லை. இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள், பொருத்துக. முதலைக் கண்ணீர் என்றால் பொய் அழுகை, குதிரைக் கொம்பு என்றால் கிடைக்காதது, எல்லாம் ஒப்பிக்கிறாள், மதிப்பெண்ணும் முழுசாக வருகிறது. பட்டியலில் இல்லாத ஒன்று கதைக்குள் வந்தால்தான் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறாள். செய்தித்தாளில் "கோட்டை வட்டாரத்தில் பரபரப்பு" என்று பார்த்துவிட்டு எந்த ஊர்க் கோட்டை என்று கேட்டாள்.

என் கவலை மதிப்பெண் பற்றி இல்லை. இந்த வயதில் கதை ருசிக்காவிட்டால் பத்தாம் வகுப்போடு தமிழ் வாசிப்பையே விட்டுவிடுவாள். தெரியாத சொல்லைச் சுற்றியுள்ள வரிகளை வைத்துப் புரிந்துகொள்ள எப்படிப் பழக்குவது? அகராதியைக் கையில் கொடுக்கலாமா, இல்லை ஊகித்துப் பழகட்டும் என்று விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை ஆசிரியர்:

அம்மா, உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகள் தடுமாறிய வரியிலேயே விடை இருக்கிறது, அதை அவளுக்குக் கண்ணில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"மகனைத் தலைமுழுகிவிட்டார்" என்பதில் முதலில் அந்த "ஐ" உருபைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுழுகுவது ஒருவர் தானே செய்துகொள்வது. அப்பா தலைமுழுகினார் என்றால் அவர் குளித்தார். இன்னொருவரைக் குளிக்க வைத்தால் குளிப்பாட்டினார் என்போம், தலைக்கு ஊற்றினார் என்போம், "மகனைத் தலைமுழுகினார்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, அந்த ஓர் எழுத்து வந்து நின்றதுமே இது குளியல் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. முன்னால் "ஊதாரியாகத் திரிந்த" என்று காரணம் இருக்கிறது, பின்னால் "பெயரை யாரும் எடுப்பதில்லை" என்று விளைவு இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உறவை அறுத்துக்கொண்டார் என்று குழந்தையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்று சொல்லுங்கள்: சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம் இல்லையா, பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவன் செத்தவனாகிவிட்டான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார், அந்தக் கடுமைதான் இந்தச் சொல்லில் இருக்கிறது என்று. பொருள் தெரிவது ஒரு படி, அந்தக் கடுமை உறைப்பது அடுத்த படி. பொருத்துக வினாவில் இரண்டாவது படிக்கு இடமே கிடையாது.

பாருங்கள், இது ஏதோ புதிதாக வந்த கற்பித்தல் முறை இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இருக்கிறது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்" என்கிறார். வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் "மா" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு விளக்குவார்கள். மா என்றால் மாமரமும் உண்டு, விலங்கும் உண்டு, குதிரையும் உண்டு. "மா பூத்தது" என்றால் பூக்கிற வினை மரத்துக்குத்தான் பொருந்தும், அதனால் மரம். "மாவும் மருதும் ஓங்கின" என்றால் பக்கத்தில் மருதமரம் நிற்கிறது, இனத்தால் மரம். கவசம் போட்டுக்கொண்டு போருக்கு நிற்பவன் "மா கொண்டு வா" என்றால் அந்த நேரத்தில் அவனுக்கு மாம்பழமா வேண்டும், குதிரைதான் வேண்டும். அது சார்பு.

இந்த மூன்றையும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு "கை நீட்டுதல்" என்ற ஒரே தொடரை வைத்து நடத்துவேன். கரும்பலகையில் நான்கு வரி எழுதிப் போடுவேன்.

ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படாமல் கை நீட்டினாள்.
கோபத்தில் தம்பி மேல் கை நீட்டிவிட்டான்.
கடைசி வரை யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தார்.
அந்த அலுவலகத்தில் கை நீட்டாத ஆளே கிடையாது.

பொருள் சொல்ல மாட்டேன். "இரண்டாவது வரியில் அடித்தான் என்று எந்தச் சொல் உனக்குச் சொன்னது?" என்றுதான் கேட்பேன். கோபம் என்று ஒருவன் சொல்வான், "மேல்" என்று இன்னொருத்தி சொல்வாள். அவள் சொன்னதுதான் கூர்மையானது, ஏனென்றால் "தம்பியிடம் கை நீட்டினான்" என்று மாற்றினால் அடி போய்க் கடன் கேட்பது வந்துவிடுகிறது. மேல், இடம் என்ற சின்னச் சொற்கள் பொருளை எப்படித் திருப்புகின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை அப்புறம் அவற்றைத் தாண்டி ஓடாது. நான்காவது வரிக்குச் சிலர் தடுமாறுவார்கள், அலுவலகம் என்ற இடம் வைத்து லஞ்சம் என்று பிடிப்பவர்கள் வீட்டில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளாக இருப்பார்கள்.

இன்னொன்று. தொல்காப்பியர் எல்லாச் சொல்லும் இப்படித் தெரிந்துவிடும் என்று சொல்லவில்லை. "மா வீழ்ந்தது" என்றால் மரமும் விழும், விலங்கும் விழும், வினை பிரித்துக் காட்டாது. அந்த மாதிரி இடத்தில் இன்னது என்று எழுதுகிறவன்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அதைத் தொடர்ந்தே சொல்லிவிடுகிறார். ஆகவே சில இடத்தில் பொருள் புரியாதது குழந்தையின் குறை இல்லை, எழுதியவரின் குறை. அதையும் அவளிடம் சொல்லுங்கள், பயம் போகும்.

திருச்சி செல்வி:

ஐயா சொன்னது எல்லாம் சரி, நான் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன், ஒரு படி முன்னால் போய்ச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்குக் குறிப்பைத் தேடத் தெரியாதது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, தேட வேண்டும் என்றே தோன்றாதது. தோழி, நீங்கள் எழுதியதில் "தெரியலைம்மா என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்" என்பதைத்தான் நான் கவனித்தேன். வரி ஒட்டவில்லை என்று அவளுக்கும் எங்கோ உறுத்தியிருக்கும், ஆனால் நின்று திரும்பிப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேகமாக வாசித்தால் பாராட்டு கிடைக்கிற வகுப்பில் வளர்ந்த பிள்ளை நிற்காது. அதனால் முதலில் நிற்பதைப் பாராட்டுங்கள். "இந்த இடம் எனக்கு ஒட்டலை" என்று அவள் சொன்னால் அதுதான் நல்ல வாசிப்பு என்று சொல்லுங்கள்.

நான் செய்வது இது. தெரியாத சொல்லின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்துவிடுவேன். மறைத்துவிட்டு, இந்த இடத்தில் உன் சொந்தச் சொல் ஒன்றைப் போட்டு வரியை முடி என்பேன். "ஊதாரியாகத் திரிந்த மூத்த மகனை அப்பா கடைசியில் ______, அதன் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை." துரத்திட்டார், திட்டிட்டார், வெறுத்துட்டார் என்று ஆளுக்கொன்று வரும். குளிப்பாட்டினார் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்! அப்புறம் காகிதத்தை எடுத்ததும் அவர்களுக்கே புரிந்துவிடும். சொல் தெரியும் என்ற நினைப்புதான் அவர்களைத் தடுக்கிறது, ஏனென்றால் தலையும் தெரியும் முழுகுவதும் தெரியும். முற்றிலும் தெரியாத சொல்லைவிட இந்த மாதிரித் தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும், மரபுத்தொடரின் சிக்கலே அதுதான்.

கோட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள், அருமையான கேள்வி அது. சென்னையில் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பதால் கோட்டை என்றாலே அரசாங்கம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இடத்தின் பெயர் அங்கே இருப்பவர்களுக்கு ஆகி வருகிறது, இடவாகுபெயர். அதே நாளிதழை இன்னும் புரட்டினால் அரசியல் பக்கத்தில் "இந்தத் தொகுதி அந்தக் கட்சியின் கோட்டை" என்று இருக்கும், விளையாட்டுப் பக்கத்தில் "கைக்கு வந்த கேட்சைக் கோட்டை விட்டார்" என்று இருக்கும், தென்மாவட்டத்துப் பெரியவர் யாராவது பேசினால் "அந்த வயலில் எத்தனை கோட்டை நெல் கண்டது" என்பார், அது அளவு. ஒரு செய்தித்தாளை விரித்துவைத்து இந்தக் கோட்டைகளையெல்லாம் அவளையே தேடி வட்டமிடச் சொல்லுங்கள், எது நிஜக் கோட்டை, எது ஆட்சி, எது கைநழுவிப் போனது என்று பக்கத்தில் எழுதட்டும். எந்தப் பக்கத்தில் வந்த செய்தி என்பதே ஒரு குறிப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியும். ஐயா சொன்ன சார்பு இதுதான்.

மரபுத்தொடர்ப் பட்டியலைக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பட்டியல் கடைசியில் வரட்டும், கதையில் சந்தித்த பிறகு அவளே எழுதிச் சேர்க்கிற பட்டியலாக இருக்கட்டும், சந்தித்த வரியையும் சேர்த்து எழுதட்டும்.

சொல்வேட்டை:

நான் ஆசிரியர் இல்லை, மெய்ப்புத் திருத்துவது என் வேலை, நாள் முழுக்கச் சொற்களோடுதான் இருக்கிறேன். மேலே இருவரும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஊகம் ஊகம் என்று ஒரேயடியாகப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

"மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கைக் கண்டவன் இறும்பூது எய்தினான்." இந்த வரியில் சுற்றிச் சுற்றித் தேடினாலும் அவன் பயந்தானா, மகிழ்ந்தானா, வியந்தானா என்று சொல்ல முடியாது. மூன்றும் பொருந்தும். காகிதம் வைத்து மறைத்தால் குழந்தை பயந்தான் என்று போட்டுவிட்டுத் திருப்தியோடு போய்விடும். இறும்பூது என்றால் வியப்பு என்று அகராதிதான் சொல்லும். சுற்றியுள்ள வரி பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும், மீதியைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊகித்துவிட்டுச் சரிபார்க்காமல் விட்டால் தப்பான பொருள் மனதில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

அகராதியும் உதவாத இடம் ஒன்று உண்டு, அது நம் வீட்டுப் பேச்சு. பழைய மனுஷிகள் "அரிசி நிறைஞ்சிருக்கு, கடைக்குப் போகணும்" என்பார்கள். நேர்ப்பொருளில் எடுத்தால் வரி முட்டுகிறது, நிறைந்திருந்தால் ஏன் கடைக்குப் போக வேண்டும்? தீர்ந்துபோய்விட்டது என்று வாயால் சொல்லக் கூடாது என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பதும் அப்படித்தான், தாலிக் கயிறு அறுந்ததைப் பெருகிவிட்டது என்பதும் அப்படித்தான். இறந்தார் என்று எழுதாமல் காலமானார், இயற்கை எய்தினார் என்று நாம் எழுதுவதும் இதே கூட்டம்தான். நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயர் வைத்து, இடக்கரடக்கல் (சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது), குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்) இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கு என்று சொல்கிறது. குழூஉக்குறிக்குப் பொற்கொல்லர்கள் பொன்னைப் "பறி" என்பதை உரையில் காட்டுவார்கள். இதையெல்லாம் எந்தக் குழந்தையும் வரியை வைத்து ஊகிக்க முடியாது. அரிசி வரியில் ஏதோ இடிக்கிறது என்பது வரைக்கும்தான் அதால் போக முடியும், ஏன் மாற்றிச் சொன்னார்கள் என்பதை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. பாட்டி இல்லாத வீட்டில் அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் இந்தச் சொற்களைச் சொல்லிப் புழங்கிய தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது, கதைப் புத்தகத்தில் மட்டும் அவை மிச்சம் நிற்கின்றன.

அகராதி பற்றி: கட்டாயம் கொடுங்கள், ஆனால் தேடவும் கற்றுக்கொடுங்கள். தமிழில் பிள்ளைகள் அகராதியை மூடிவைப்பதற்கு முதல் காரணம், கதையில் இருக்கும் சொல் அகராதியில் அப்படியே இருக்காது. "கண்டவன்" என்று தேடினால் வினை கிடைக்காது, "காண்" என்று தேட வேண்டும். "வந்தாள்" வேண்டுமானால் "வா"வுக்குப் போக வேண்டும். "நொந்து" என்றால் "நோ". காலமும் பாலும் காட்டும் வாலை வெட்டி வேரைப் பிடிக்கிற இந்த வேலை தெரியாவிட்டால் எந்த அகராதியும் பாரம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பெரியது, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம், ஆனால் ஏழாம் வகுப்புக்கு அது மலைப்பாக இருக்கும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது, இன்றைய எழுத்துத் தமிழுக்கு அதுதான் நல்ல துணை, பொருளோடு நிறுத்தாமல் அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி வரும் என்றும் எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள். அவள் கதையில் பார்த்த வரியையும் அகராதியில் இருக்கும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் போட்டிருந்தால் எது நம் வரிக்கு ஒட்டும் என்று தேர்ந்தெடுக்க மறுபடியும் வினை, இனம், சார்புக்குத்தான் வர வேண்டும், அங்கே ஐயா சொன்னது முழுக்கப் பொருந்தும்.

படலையடி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் அக்கா. சொல்வேட்டை அண்ணா சொன்ன வீட்டுப் பேச்சு விஷயத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கோ. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும், அதை அகராதி எப்போதும் முன்னால் சொல்லி வைக்காது. எங்கட ஊர்க் கதை ஒன்றில் "அவர் வந்து கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்" என்று வந்தால் உங்கட மகள் அவர் கதை சொன்னார் என்றுதான் நினைப்பாள். எங்களுக்குக் கதைக்கிறது என்றால் பேசுகிறது. "அந்தப் பிள்ளை நல்ல வடிவு" என்றால் அழகு. உங்களுக்கு வடிவு என்றதும் உருவம்தானே முதலில் வரும். பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு, கெதியாக வா என்றால் விரைவாக வா.

ஆனால் இதில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. "நாய் குரைத்த சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார், தபால்காரர் படலையைத் திறந்துகொண்டு வளவுக்குள் வந்தார்" என்று ஒரு வரியை அவளிடம் கொடுத்துப் பாருங்கோ. படலையும் தெரியாது, வளவும் தெரியாது. திறந்துகொண்டு என்ற வினை இருக்கிறது, ஆகவே படலை திறக்கக்கூடியது. உள்ளே வந்தார், ஆனால் அம்மா இன்னும் எட்டித்தான் பார்க்கிறார், ஆகவே வளவு என்பது வீட்டுக்கு வெளியே, ஆனால் படலைக்கு உள்ளே. வேலியோடு உள்ள வாசல் கதவு படலை, வீட்டைச் சுற்றியுள்ள காணி வளவு. தெரியாத இரண்டு சொல்லையும் ஒன்றை வைத்து ஒன்று பிடித்துவிடலாம். இப்படி வேறு ஊர்த் தமிழைக் கொடுத்தால் சொல் தெரியாது என்று அவளுக்கே தெளிவாகத் தெரியும், நிற்கத் தானாகப் பழகுவாள். செல்வி ரீச்சர் சொன்ன "தெரிந்த சொல் ஏமாற்றும்" என்ற சிக்கல் இதில் குறைவு, ஆகவே தொடங்குவதற்கு இது லேசு. நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், கரிசல் தமிழ் எதிலும் இதைச் செய்யலாம், அங்கேயெல்லாம் நல்ல கதைகள் இருக்கே.

கோவை வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. காகிதத் துண்டு முறையை உடனே செய்து பார்த்தேன். "வயிற்றில் பால் வார்த்தார்" என்று ஒரு வரி, மகன் பிழைத்துக்கொண்டான் என்று மருத்துவர் சொன்ன இடம். மறைத்துவிட்டுக் கேட்டதும் "நிம்மதி குடுத்தார்" என்று அவளே சொன்னாள். அப்புறம் அவளே ஒரு கேள்வி கேட்டாள், வயிற்றில் புளியைக் கரைத்தது என்றால் பயம், பால் வார்த்தால் நிம்மதி, ஏன் எல்லாமே வயிற்றிலேயே நடக்கிறது என்று. பயம் வந்தால் உனக்கு எங்கே என்னவோ செய்கிறது என்று கேட்டேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அகராதி வாங்கப் போகிறேன். படலையடி தங்கை கொடுத்த வரியை அவள் அப்பாவுக்கே வினாவாகக் கொடுத்துவிட்டாள், அவர் வளவைக் கிணறு என்றார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வரும் வகுப்புகளில் பழம்பாடல்கள் கூடுதலாக வரும். அதில் சொல்லும் தெரியாது, சொல்லவந்ததும் நேராக இருக்காது. அங்கே இந்த முறையெல்லாம் உதவுமா, இல்லை கோனார் உரை மாதிரி பொருளை மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டியதுதானா?

காவிரிக்கரை ஆசிரியர்:

உதவும் அம்மா, அங்கேதான் இன்னும் நன்றாக உதவும். பொருள் மாறிப்போன சொல்லுக்கு முதலில் ஒன்று. ஆண்டாள் கண்ணனின் வெண்சங்கைப் பார்த்து "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று கேட்பதைப் பிள்ளைகளிடம் படித்தால் வகுப்பே சிரிக்கும், நாறுகிறது என்றால் நமக்கு இன்று கெட்ட வாடைதானே. சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் பக்கத்தில் நிற்கிற சொற்களைக் காட்டுவேன். கருப்பூரம், கமலப்பூ. இரண்டும் மணக்கிறவை. இனத்தைப் பார்த்ததுமே நாறுதல் அன்றைக்கு மணத்தல் என்று தெரிந்துவிடுகிறது, உரை பார்க்கவே தேவையில்லை. நாற்றம் என்ற சொல்லே பிற்காலத்தில் கீழே இறங்கிவிட்டது என்று அப்புறம் சொன்னால் மறக்காது.

சொல்ல வந்தது நேராக இல்லாத பாட்டுக்குக் குறுந்தொகையில் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கபிலர் பாடியது, ஐந்தே அடி. "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று தொடங்குகிறது. இந்த வரியை மட்டும் கொடுத்து யார் பேசுகிறார்கள், என்ன திருடு போனது என்று கேளுங்கள். நகை, பணம் என்றுதான் சொல்வார்கள். அடுத்து "தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ", அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்படியென்றால் அவன் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறான், களவு போனது பொருள் இல்லை. பிறகு ஒரு குருகு, அதாவது நீர்ப்பறவை, வருகிறது, தினைத்தாள் போல மெல்லிய பசிய கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடைசிச் சொற்களில்தான் முடிச்சு அவிழ்கிறது: "தான் மணந்த ஞான்றே", அவன் என்னோடு கூடிய அந்த நாளில். கள்வன் யார், களவு எது, அவள் ஏன் பயப்படுகிறாள் எல்லாம் அந்த ஒரு தொடரில் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு முதல் அடிக்குத் திரும்பிப் போய் "யாரும் இல்லை" என்பதை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அப்போது அது சாட்சிக்கு ஒருவரும் இல்லை என்று கேட்கும்.

குருகு ஏன் வந்தது என்று மட்டும் பொருள் சொல்லாமல் விட்டுவிடுங்கள், அவளே யோசிக்கட்டும். அங்கே இருந்த ஒரே உயிர் அதுதான், அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்லாது. தன் இரையிலேயே கண்ணாக நின்ற பறவையைச் சொல்லி அவனையும் சேர்த்துச் சொல்கிறாளோ என்றுகூடப் படிக்கலாம். ஏழாம் வகுப்புக்கு அவ்வளவு வேண்டாம், பத்து, பன்னிரண்டில் வரட்டும்.

இதில் ஒரு பெரிய உதவியைப் பழையவர்களே செய்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யார், யாரிடம், எப்போது சொன்னது என்று ஒரு வரிக் குறிப்பு உண்டு. இந்தப் பாட்டுக்கு "வரைவு நீட்டித்த இடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது", அதாவது கல்யாணத்தை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற நேரத்தில் அவள் தோழியிடம் சொன்னது. உ.வே.சா. 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பிலும் இந்தக் குறிப்புகள் இருக்கின்றன. சார்பு தெரியாமல் பாட்டு புரியாது என்று தெரிந்துதானே அதை எழுதிவைத்தார்கள். பொருளுரைக்குப் போவதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், பிறகு பாட்டை இரண்டு தடவை வாய்விட்டு வாசிக்கட்டும், தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடட்டும், ஊகித்ததைப் பென்சிலில் எழுதட்டும். கோனார் உரையோ ஆசிரியர் உரையோ அதற்குப் பிறகு திறந்து, பென்சிலில் எழுதியது எங்கே சரி, எங்கே மாறியது என்று பார்த்தால் போதும். உரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, கடைசியில் திறக்கச் சொல்கிறேன்.

சொல்வேட்டை:

ஐயா, பென்சிலில் எழுதி வைப்பது நல்ல யோசனை, நான் சொன்ன சரிபார்த்தலும் அதில் வந்துவிடுகிறது. கோவை வாசகி, அகராதி வாங்கும்போது ஒன்று பாருங்கள், கடைகளில் கையடக்க அகராதிகள் நிறைய இருக்கும், பலவற்றில் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை மட்டும் போட்டிருப்பார்கள், எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது. "கை நீட்டு", "தலைமுழுகு" இரண்டையும் கடையிலேயே திறந்து தேடிப் பாருங்கள். அவை பொருளோடும் வாக்கியத்தோடும் இருந்தால் வாங்குங்கள்.